'சைக்ளோன்'னு பேர் வச்சது யார்? புயல்களைத் தேடித்தேடிக் குறித்த கல்கத்தா கேப்டனின் கதை

மே மாதம் வந்தாலே நம்மில் பலருடைய போனில் இரண்டு விஷயங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று, இன்றைக்கு மீனம்பாக்கத்தில் 40 தாண்டியதா, வேலூர் 42-ஐ தொட்டதா என்ற கணக்கு. இன்னொன்று, வங்கக் கடலில் ஏதாவது சுழல ஆரம்பித்திருக்கிறதா என்ற தேடல். எங்கள் டெஸ்க்கிலும் கத்திரி வெயில் நாட்களில் யாராவது ஒருவர் விண்டி ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

இரண்டும் தனித்தனி விஷயம் இல்லை. மே மாதப் புயல் நம் கரையை ஒட்டி வந்தால் மேகம், மழை, வெயில் குறையும். அதுவே ஒடிசா, வங்காளம், மியான்மர் பக்கம் வளைந்து போனால் சென்னைக்கு வரவேண்டிய கடல்காற்று தாமதமாகும். நிலப்பகுதியிலிருந்து வறண்ட மேற்குக் காற்று இழுக்கப்படும். வெப்பம் இன்னும் ஏறும். அதனால்தான் வெயிலைப் பார்ப்பவர்களும் புயலைப் பார்ப்பவர்களும் மே மாதத்தில் ஒரே ஸ்கிரீனை வெறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஸ்கிரீனில் தெரியும் சுழலுக்கு 'சைக்ளோன்' என்று பெயர். வர்தா, ஆம்பன், மிக்ஜாம் என ஒவ்வொரு புயலுக்கும் பெயர் வைப்பது நம் பகுதியில் 2004-ல்தான் தொடங்கியது. ஆனால், சைக்ளோன் என்ற அந்தப் பொதுப்பெயரை உருவாக்கியவர் யார் தெரியுமா? அவர் வானிலை ஆய்வாளர் கிடையாது. கல்கத்தாவில் குடியிருந்த ஒரு முன்னாள் கப்பல் கேப்டன். பெயர் ஹென்றி பிடிங்டன்.

யார் இந்த பிடிங்டன்?

1797-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள அக்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தவர். வணிகக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்து, இந்தியா, சீனா வழித்தடங்களில் ஓடி, கேப்டன் ஆனார். 1830 வாக்கில் கடல் வாழ்க்கையை விட்டுவிட்டு கல்கத்தாவிலேயே செட்டில் ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலைகளின் லிஸ்ட்டைப் பார்த்தால் தலை சுற்றும். இந்தியத் தாவரங்களுக்கு ஒரு ஆங்கில அகராதி தொகுத்தார். கனிமங்களை ஆராய்ந்தார். பொருளாதாரப் புவியியல் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்தார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். இன்றைய பாஷையில் சொன்னால், ஒரே நேரத்தில் நாலைந்து சைடு புராஜெக்ட் ஓட்டிய மனிதர். புயல் ஆராய்ச்சியும் அப்படி ஆரம்பித்த ஒன்றுதான்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்தியாவில் வானிலை ஆய்வுத் துறை என்று ஒன்று இல்லவே இல்லை. அது வந்தது 1875-ல். பிடிங்டன் இறந்து 17 வருஷம் கழித்து.

புயல் நேராக வீசுகிறதா, சுற்றுகிறதா?

இன்றைக்கு இது ஒரு கேள்வியே இல்லை. சாட்டிலைட் படத்தைப் பார்த்த எந்தக் குழந்தையும் சுற்றுகிறது என்று சொல்லிவிடும். ஆனால், மேலிருந்து பார்க்க வழியில்லாத காலத்தில், புயலில் மாட்டியவருக்குத் தெரிவது ஒரு திசையிலிருந்து அடிக்கும் பேய்க்காற்று மட்டும்தானே?

1821-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் ஒரு புயல் அடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பயணம் போன வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு ஊரில் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கொஞ்ச தூரம் தள்ளி நேர் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அப்படியானால் காற்று சுற்றியிருக்க வேண்டும். ரெட்ஃபீல்டு குதிரைச் சேணம் செய்யும் தொழிலில் தொடங்கிய ஆள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடுத்து வில்லியம் ரீட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், கரீபியன் புயல்களை வைத்து 1838-ல் புயல்களின் விதி குறித்து ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தப் புத்தகம் கல்கத்தாவுக்கு வந்தது. பிடிங்டன் படித்தார். அட்லாண்டிக்கில் சரி, நம் வங்கக் கடலிலும் இது பொருந்துமா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த இருபது வருஷம் விடவே இல்லை.

1839 ஜூன்: முதல் புயல்

அவர் கையில் எடுத்த முதல் கேஸ், 1839 ஜூன் 3 முதல் 5 வரை வங்கக் கடலில் அடித்த புயல். எப்படி ஆராய்ந்தார் என்பதுதான் சுவாரசியம். அவரிடம் ஆய்வகம் கிடையாது. ஆனால், கப்பல்காரர்களின் பழக்கம் ஒன்று அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கப்பலாக இருந்தாலும் லாக் புக் எழுதுவார்கள். இத்தனை மணிக்குக் காற்று எந்தத் திசை, பாரோமீட்டர் எவ்வளவு, எந்தப் பாயை இறக்கினோம், கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என எல்லாம் அதில் இருக்கும்.

பிடிங்டன் அந்த லாக் புக்குகளைக் கேட்டு வாங்கினார். கம்பெனி அரசும் தகவல் திரட்ட உதவியது. பிறகு ஒரு கடல் வரைபடத்தை விரித்து, ஒரே நாளில் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கப்பலும் எங்கே இருந்தது, அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று அம்புக்குறி போட்டார். ஒரு கப்பலை மட்டும் பார்த்தால் வெறும் நேர்க்காற்று. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம்!

இதைத்தான் இன்றைக்கு கிரவுட்சோர்சிங் என்கிறோம். மொட்டைமாடியில் மழைமானி வைத்து, எங்க ஏரியாவில் 6 செ.மீ. என்று போடும் வெதர் ஆர்வலர்களின் பதிவுகளை ஒருவர் உட்கார்ந்து தொகுத்தால் எப்படியிருக்கும்? அதே வேலை. வித்தியாசம், பிடிங்டனுக்குத் தகவல் வந்துசேர மாதங்கள் ஆகும். கப்பல் கரைக்கு வர வேண்டும். கேப்டன் உயிரோடு இருக்க வேண்டும். லாக் புக் நனையாமல் இருக்க வேண்டும்.

வங்காள ஆசியவியல் கழகத்தின் ஆய்விதழில் அவருடைய கட்டுரைகள் தொடர்ச்சியாக வந்தன. மொத்தம் சுமார் 40. அதில் நம்ம ஊரும் உண்டு. 1841 மே மாதம் மெட்ராஸைத் தாக்கிய புயலுக்கென்றே ஒரு தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். கத்திரி வெயில் காலத்தில் புயல் வருமா என்று யாராவது கேட்டால், 180 வருஷத்துக்கு முந்தைய இந்தக் கேஸைக் காட்டலாம்.

வலது கையை நீட்டுங்க

பிடிங்டனின் ஆராய்ச்சி யாருக்காக? சக கப்பல்காரர்களுக்காக. புயல் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்தால், அதன் மையம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். மையம் தெரிந்தால் எந்தப் பக்கம் தப்பிப்பது என்று முடிவெடுக்கலாம். அவ்வளவுதான் விஷயம், ஆனால் உயிர் போகிற விஷயம்.

நம் பக்கம், அதாவது பூமத்திய ரேகைக்கு வடக்கே, புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். காற்று அடிக்கும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வலது கையை நீட்டுங்கள். ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் மையம். சென்னைக் கடற்கரையில் புயல் சமயத்தில் வாடைக்காற்று பலமாக அடிக்கிறதா? மையம் கிழக்கே கடலில் இருக்கிறது. காற்று வடமேற்குக்கு மாறுகிறதா? மையம் வடகிழக்கே நகர்கிறது, ஆந்திரா பக்கம். வடகிழக்குக்கு மாறினால் மையம் நமக்குத் தெற்கே இறங்குகிறது. 2016 டிசம்பர் 12 வர்தாவை அனுபவித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. வடக்கிலிருந்து அடித்த காற்று திடீரென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று சிலர் வெளியே வந்தார்கள். கண் பகுதி கடந்ததும் தெற்கிலிருந்து திருப்பி அடித்ததே, அதேதான்.

கொந்தளிக்கும் கடலில் ஒரு மாலுமிக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? அதனால், பிடிங்டன் ஒரு கருவி செய்தார். மாட்டுக்கொம்பை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்க்கக்கூடிய அட்டை. அதன்மேல் காற்றின் திசைகள் குறித்த வட்டங்கள். கடல் வரைபடத்தின்மேல் அதை வைத்து, இப்போது அடிக்கும் காற்றுக்குப் பொருந்தும் இடத்தில் நம் கப்பல் வரும்படி நகர்த்தினால், புயலின் மையம் எங்கே என்று தெரிந்துவிடும். வடகோளத்துக்கு ஒன்று, தென்கோளத்துக்கு ஒன்று என இரண்டு அட்டைகள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே புயல் வலஞ்சுழி அல்லவா!

இந்த அட்டைகளோடு வந்த புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் மாலுமிகளின் ஹார்ன் புக். அந்தக் காலத்தில் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் அரிச்சுவடியை, மேலே கொம்புத் தகடு ஒட்டியிருந்ததால், ஹார்ன் புக் என்றுதான் சொல்வார்கள். அரிச்சுவடிக்கு அரிச்சுவடி, கொம்புக்குக் கொம்பு. கேப்டனுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

ஐந்து நாள் சுற்றிய கப்பல்

மையத்தை அறியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிடிங்டன் கையில் ஒரு அசத்தல் உதாரணம் இருந்தது. சார்லஸ் ஹெடில் என்ற கப்பல். 1845 பிப்ரவரியில் மொரீஷியஸிலிருந்து கிளம்பியது. புயல் பிடித்தது. காற்று போகும் பக்கமே ஓடுவோம் என்று கேப்டன் விட்டுவிட்டார். நல்ல வேகமான கப்பல். ஓடியது, ஓடியது, கிட்டத்தட்ட ஐந்து நாள் ஓடியது.

அதன் லாக் புக் கிடைத்ததும் பிடிங்டன் பாதையை வரைந்து பார்த்தார். கப்பல் புயலின் மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றியிருந்தது! ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி. 1,300 மைல்களுக்கு மேல் ஓடியும், முதலில் இருந்த இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 400 மைல்கூட நகரவில்லை. புயல் சுற்றுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பாம்புச் சுருள்

1848-ல் வந்த ஹார்ன் புக்கில்தான் சைக்ளோன் என்ற சொல்லை முன்வைத்தார். காரணம் ரொம்ப பிராக்டிகல். ஹரிக்கேன், டைஃபூன், டெம்பஸ்ட், கேல் என்று மாலுமிகள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். அதில் சில ஊரைச் சொல்லும், சில வேகத்தைச் சொல்லும். சுற்றுகிறது என்பதை மட்டும் சொல்லும் ஒரு சொல் இல்லை. எனவே, பாம்பின் சுருளையும் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்ளோனை உருவாக்கினார். கிரேக்க இலக்கணப்படி அந்தச் சொல் சரியா என்று பண்டிதர்கள் பிறகு மூக்கைச் சுளித்தார்கள். ஆனால், மாலுமிகள் பிடித்துக்கொண்டார்கள்.

முழு வட்டம் என்று சொல்லாமல் சுருள் என்றாரே, அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. உண்மையில் புயல் காற்று சரியான வட்டமாகச் சுற்றுவதில்லை. சுற்றிக்கொண்டே உள்ளே இழுக்கப்படுகிறது. பெயரில் இதைப் பிடித்தவர், கணக்கில் கோட்டை விட்டார். அவருடைய கொம்பு அட்டையில் இருந்ததெல்லாம் முழு வட்டங்கள்தான். அதனால், அட்டை காட்டும் மையத்துக்கும் உண்மையான மையத்துக்கும் வித்தியாசம் வரும். அடுத்த தலைமுறையில், மொரீஷியஸில் சார்லஸ் மெல்ட்ரம் என்பவர் வேலை செய்தபோதுதான் இது சீராக்கப்பட்டது.

காற்றைவிட அலை

பிடிங்டன் எழுதியதில் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது காற்றைப் பற்றியது இல்லை; அலையைப் பற்றியது.

இன்றைய காக்கிநாடாவுக்குப் பக்கத்தில், கோதாவரி கடலில் கலக்கும் இடத்தில் கோரிங்கா என்றொரு துறைமுகம் இருந்தது. கப்பல் கட்டும் ஊர். 1789 டிசம்பரில் ஒரு புயலோடு மூன்று பேரலைகள் அடுத்தடுத்து ஏறி அந்த ஊரைத் துடைத்துவிட்டுப் போயின. ஐம்பது வருஷம் கழித்து, 1839 நவம்பரில், அதே ஊரில் மறுபடியும் அதே கதை. அந்த இரண்டாவது புயலில் 3 லட்சம் பேர் இறந்ததாகப் பல இடங்களில் படிக்கலாம். அது மிகை என்று சொல்பவர்களும் உண்டு. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், அதற்குப் பிறகு கோரிங்கா துறைமுகம் எழுந்திருக்கவில்லை. இந்தப் பேரழிவுகளின் விவரங்களைத் தேடிச் சேர்த்தவர் பிடிங்டன்.

ஏன் இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது? புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் கொஞ்சம் உயரும். ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர். 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதி முழுக்கக் காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர். கரை ஓரத்தில் கடல் ஆழமில்லாமல் இருந்தால் அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை, மேலே ஏறும். வங்கக் கடலின் வடக்கு முனை புனல் மாதிரி குறுகி, ஆழமும் இல்லாமல் இருக்கிறது. கூடவே ஓத நேரமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு கடிதம்

1850-களின் தொடக்கத்தில் கல்கத்தா வணிகர்களுக்கு ஒரு பயம். ஹூக்ளி ஆறு மணல் சேர்ந்து மூடிக்கொண்டு வருகிறது, துறைமுகம் செத்துவிடும். மாற்று ஏற்பாடாக சுந்தரவனத்தை ஒட்டிய மாத்லா நதிக்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆழமான ஆறு. நேராகக் கடல். கல்கத்தாவுக்கும் ரொம்ப தூரம் இல்லை. கேட்பவர்களுக்கு ரொம்ப நல்ல திட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

பிடிங்டன் பதறினார். நேராகக் கடல் என்பதே ஆபத்து அல்லவா? 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, சிறு புத்தகமாகவே அச்சிட்டார். தலைப்பே சுந்தரவனத்தில் எழக்கூடிய புயல் அலை பற்றித்தான். அந்த இடத்தில் ஊர் கட்டினால், என்றாவது ஒரு நாள் புயலோடு உப்புத் தண்ணீர் திரண்டு வந்து 5 அடி முதல் 15 அடி வரை எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் என்பது அவர் வாதம். எந்த நாள், எந்த வருஷம் என்று அவர் சொல்லவில்லை. அது யாராலும் முடியாது. எந்த இடம் என்று சொன்னார்.

டல்ஹவுசி நிர்வாகம் திட்டத்தைக் கைவிடவில்லை. நிலம் கையகப்படுத்தப்பட்டது. அடுத்து வந்த கவர்னர் ஜெனரலின் பெயரில் அந்த ஊர் போர்ட் கேனிங் ஆனது. 1858 ஏப்ரல் 7-ல் கல்கத்தாவில் பிடிங்டன் இறந்தபோது, அவர் சொன்னது நடக்கவும் இல்லை, பொய்க்கவும் இல்லை.

1860-களின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து ரயில் பாதையும் போட்டுவிட்டார்கள். 1865-ல் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டு, அதன் பங்குகள் பம்பாய் வரை பரபரப்பாகக் கைமாறின. இதற்கு நடுவில் 1864 அக்டோபரில் ஒரு புயல், ஹூக்ளி வழியாக ஏறிய அலையோடு கல்கத்தாவையே புரட்டிப்போட்டு, சுமார் 50 ஆயிரம் பேரைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அப்போதும்கூட கேனிங் வேலை நிற்கவில்லை.

1867 நவம்பர் தொடக்கத்தில் கேனிங்குக்குப் புயல் வந்தது. உச்சபட்சப் புயல் என்று சொல்ல முடியாது. ஏறிய தண்ணீர் சுமார் ஆறடி என்கிறார்கள், அதாவது பிடிங்டன் சொன்ன கணக்கின் கீழ்முனைக்குப் பக்கத்தில். அதுவே கட்டுமானங்களைச் சிதைக்கப் போதுமானதாக இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், துறைமுகம் தோற்றதற்குப் புயல் மட்டுமே காரணம் இல்லை. ஹூக்ளி மூடவில்லை, கப்பல்கள் கேனிங்குக்கு வரவில்லை, பங்கு விலையும் சரிந்திருந்தது. புயல் கடைசி அடி. 1870-களின் தொடக்கத்தில் துறைமுகத்தைக் கைவிட்டார்கள். அமிதவ் கோஷின் 'தி ஹங்க்ரி டைட்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை பரிச்சயமாக இருக்கும்.

ஏன் யாரும் கேட்கவில்லை?

சும்மா யூகிக்கத்தான் முடியும். ஆனால், ஒரு விஷயம் புரிகிறது. பிடிங்டனிடம் இருந்ததெல்லாம் நடந்து முடிந்த புயல்களின் கணக்கு. இன்றைக்குப் புயல் உருவாகியிருக்கிறது, நாளைக்கு வரும் என்று சொல்ல அவரிடம் வழி இல்லை. அதற்குத் தந்தி வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அவர் முதல் புயலை ஆராய்ந்த அதே 1839-ல், அதே கல்கத்தாவில்தான் ஓ'ஷானசி என்ற மருத்துவர் சோதனை முறையில் தந்திக் கம்பி இழுத்துப் பார்த்தார். தந்தி நாடு முழுக்கப் பரவி, வானிலைத் தகவல்கள் ஒரே நாளில் ஒரே மேஜைக்கு வந்துசேரும் நிலை வருவதற்குள் கேப்டனின் காலம் முடிந்துவிட்டது.

எச்சரிக்கை வந்து, வானம் தெளிவாகவே இருந்து, புயல் திசைமாறிப் போனால் நாம் மீம் போடுகிறோம். 14 வருஷம் கழித்து நடக்கப்போவதை ஒரு கொம்பு அட்டை வைத்திருந்த மனிதர் சொன்னால், முதலீடு போட்டவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

இன்றைக்கு கேனிங் ஒரு ரயில் நிலைய ஊர். சுந்தரவனத்துக்குப் போகிறவர்கள் சியால்டாவிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து இங்கே இறங்குவார்கள். 2009 மே 25-ல் ஐலா, 2020 மே 20-ல் ஆம்பன், 2024 மே 26-ல் ரீமல் என மூன்று கோடைப் புயல்கள் சுந்தரவனத்தை ஒட்டித்தான் கரையேறின. இப்போது வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிக்கைகளில் காற்றின் வேகம், மழை அளவுக்கு அடுத்து, வழக்கமான ஓதத்துக்கு மேல் கடல்நீர் எத்தனை மீட்டர் ஏறும் என்று ஒரு வரி இருக்கும். ஆம்பன் வந்தபோது, கேனிங் இருக்கும் தெற்கு 24 பர்கானா மாவட்டத்துக்கு அந்த வரி சொன்ன அளவு 4 முதல் 5 மீட்டர். அடியில் சொன்னால் 13 முதல் 16.